நைலான் முக்காடும் கடைசி ரீலும்

ராயம்மாளுக்குச் சினிமா என்றால் உயிர். ஆனால் சினிமாவுக்கு முடிவு என்று ஒன்று இருப்பதை அவள் கேள்விப்பட்டிருந்தாளே தவிர, கண்ணால் கண்டதில்லை.

செஞ்சியில் அப்போது டெண்டுக் கொட்டாய்தான். மாசியில் வந்து இறங்கும். மழை பிடிப்பதற்குள் லைசென்சும் முடிந்து, கூடாரத்தைச் சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு வேறு ஊர் போய்விடும். உள்ளே முன்னால் மணல் தரை, அதற்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் மடக்கு நாற்காலி. தரையில் உட்கார்ந்தவர்கள் பீடி பிடித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் சிகரெட் பிடித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இன்னும் நீளமான சிகரெட் பிடித்தார்கள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர் எழுப்பியிருந்தார்கள். ஒழுக்கத்துக்காகக் கட்டிய சுவர். ஆட்கள் எல்லாரும் அதை மதித்தார்கள். புகை மதிக்கவில்லை.

ராயம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு. படம் போட்டதும் மூக்கு அரிக்கும். கதாநாயகி முதல் பாட்டுப் பாடும்போது கண் எரியும். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததும் தொண்டையில் உமியை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். அதற்கப்புறம் இருமல். அது சாதாரண இருமல் இல்லை. அவள் இருமினால் ஆபரேட்டர் ரூமில் விளக்காக எரிகிற கார்பன் குச்சி ஆடி, திரையில் கதாநாயகன் ஒரு கணம் நடுங்குவான் என்று ஊரில் பேச்சு இருந்தது. வில்லனும்தான் நடுங்குவான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இருமல் வந்தால் எழுந்து வெளியே வந்துவிட வேண்டியதுதான். வாசலில் கடலை வறுக்கிற வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. மீதிப் படத்தை அந்தக் கல்லில் உட்கார்ந்து கேட்பாள். கேட்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே டுமீல் என்றால் ராஜகிரி மலை அதை வாங்கி இன்னொரு டுமீல் என்று திருப்பிக் கொடுக்கும். சுட்டது ஒரு குண்டா, இரண்டு குண்டா? ஒரு பெண் அழுவாள். பின்னாலேயே மலையும் அழும். அழுவது தாயா, தாரமா, தங்கையா? ஒன்றும் பிடிபடாது. கடைசியில் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருவார்கள். ராயம்மாளும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து அவர்களோடு வீட்டுக்கு நடப்பாள். காரணம் வேறு.

முடிவைத் தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி ரஞ்சிதம். இருவருக்கும் கடலை மண்டியில் வேலை. மூட்டை மூட்டையாக வந்து விழும் மணிலாக்கொட்டையில் சொத்தைப் பருப்பைப் பொறுக்கிப் போட வேண்டும். ரஞ்சிதத்துக்கு நல்ல மனசு, நாக்குதான் நாளுக்கொரு பக்கம் புரளும். போன வருஷம் வந்த ஒரு படத்தில் கதாநாயகன் காலையில் செத்துப்போனான், கஞ்சி குடிக்கிற வேளையில் பிழைத்துக்கொண்டான், பொழுது சாய்வதற்குள் சாமியாராகப் போய்விட்டான்.

"ஏண்டி ரஞ்சி, காலைல செத்துட்டான்னு சொன்னியே?"

"சாவறாப்புல இருந்துச்சிக்கா. உனுக்கு அவ்ளோ சந்தேகம்னா உள்ள குந்திப் பாக்கறது."

மண்டியே சிரிக்கும். எடை போடுகிற கோதண்டராமன் தராசு முள் ஆட ஆடச் சிரிப்பார். "ராயம்மாவுக்கு அரை டிக்கெட்டு குடுத்தா போதும்பா. பாதிப் படம்தான பாக்குது" என்பார். அப்படிச் சொல்லிவிட்டுப் பெருமையாக ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார். கூலிக்காரர்கள் நடுவில் பீடி பிடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தராசுக்கு ஒரு கை, சிகரெட்டுக்கு ஒரு கை. அந்தப் புகை ராயம்மாளைத் தேடி வர, அவள் இருமிக்கொண்டே சாக்குகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வருஷம் பாஸ்கு பண்டிகைக்கு, அதாவது ஈஸ்டருக்கு, பாண்டிச்சேரியிலிருந்து தம்பி பால்சாமி அக்காவுக்கு ஒரு நைலான் புடவை கொண்டுவந்தான். ரோஜா நிறம். கையில் எடுத்தால் எடுத்தது போலவே இருக்காது. விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும். மாதா கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பூசை கண்டாள். பூசையில் பார்த்தவர்கள் பார்த்தார்கள். ரஞ்சிதம் கோயிலுக்கு வருகிறவள் இல்லையே. அவள் எப்படிப் பார்ப்பாள்? ஆகவே மறுநாள் அதே புடவையைக் கட்டிக்கொண்டு ராயம்மாள் சொத்தைக் கடலை பொறுக்கப் போனாள்.

சித்திரை வெயில். தகரக் கூரை. கல்லும் பாறையும் கக்குகிற அனலில் காற்று அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. ராயம்மாள் கோணிச் சாக்கின் மேல் உட்கார்ந்து, நகர்ந்து, மறுபடி உட்கார்ந்ததும் கடலையின் சிவப்புத் தோல் ஒவ்வொன்றாக எழுந்து பறந்து வந்து புடவையில் ஒட்டிக்கொண்டது. தட்டிவிட்டாள். போன தோல் திரும்பி வந்தது, வரும்போது துணைக்கு இன்னும் நாலைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாக்கா, பொடவைல கோந்து தடவிக் குடுத்தானா உன் தம்பி?" என்றாள் ரஞ்சிதம்.

ராயம்மாள் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டராமன் விட்ட சிகரெட் புகை தகரத்தை நோக்கித்தான் கிளம்பியது. பாதி வழியில் என்ன நினைத்ததோ, வளைந்து, தாழ்ந்து, மேய்ச்சல் முடிந்த ஆடு பட்டிக்கு வருவது போல அவள் முந்தானைக்கு வந்து அடங்கியது. பழக்க தோஷத்தில் அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்து முகத்துக்கு முன்னால் தொங்கவிட்டாள். இருமலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

எழுந்து நேரே தராசுக்குப் போனாள்.

"அண்ணே, இன்னொரு தபா ஊது."

கோதண்டராமன் திடுக்கிட்டார். "எம்மேல இன்னாம்மா கோவம்?"

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் மூஞ்சிக்கு நேரா ஊது."

அவர் புகை பிடித்த காலத்தில் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் ஊது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஊது என்று யாரும் கேட்டதில்லை. அவர் மரியாதையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக, ஒரு பெரியவருக்குச் சாம்பிராணி காட்டுகிற பக்தியோடு ஊதினார். புகை முழுசும் துணியில் போய்க் குந்திக்கொண்டது. துணிக்குப் பின்னால் ராயம்மாள் காலைக் காற்று வாங்குவது போல நின்றாள்.

துணியை இழுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று கட்டிப் பார்த்தாள். மூச்சு ஈரம் பட்டதோ இல்லையோ, துணி செத்துப்போனது. இருமல் வந்துவிட்டது. அவிழ்த்து உதறிக் காயவிட்டு, சாக்கில் தேய்த்து, முன்போலத் தள்ளித் தொங்கவிட்டதும் உயிர் வந்தது. சரி, பூசைக்குப் போடுகிற முக்காடு மாதிரிதான் போட வேண்டும் என்று தெரிந்துகொண்டாள்.

அவள் புருஷன் செபாஸ்தியான் கரண்ட் ஆபீஸில் வயர்மேன். ஊருக்கெல்லாம் கம்பி இழுத்தவன் வீட்டில் அரிக்கேன் விளக்குதான் எரிந்தது. கம்பி இன்னும் அவன் தெருவுக்கு வரவில்லை. கரண்டின் மேல் அவனுக்கு இருந்த பயபக்தி வேறு யாருக்கும் இருந்ததில்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொட மாட்டான். கோயில் மணிக் கயிற்றைக்கூட டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இழுப்பான்.

"பொடவையில கரண்ட்டு கீதுங்க" என்றாள் ராயம்மாள்.

அவன் சோற்றில் வைத்த கையை எடுத்தான். "எந்த லைன்லேர்ந்து?"

"லைனும் இல்ல, போஸ்ட்டும் இல்ல. அதுவா வருது."

"அதுவா வர்றதுக்கு அது இன்னா மாமியார் வூட்டு ஜனமா? தள்ளு."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, பெண்டாட்டியின் முந்தானையில் வைத்தான். டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு மின்னல் மின்னி மறைந்தது.

செபாஸ்தியான் டெஸ்டரைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"இந்தா, வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஏன்?"

"மீட்டர் இல்லாம வூட்ல கரண்ட்டு வெச்சிக்கினா இன்னா கேசு தெரியுமா? அதுவும் வயர்மேன் வூட்ல!"

"அப்ப பொடவைக்கு ஒரு மீட்டர் மாட்டிடு."

அவன் அதையும் யோசித்துப் பார்த்தான். மாட்டுவதற்குச் சுவர் வேண்டுமே என்று விட்டுவிட்டான்.

முதலில் ஆபத்தை அகற்ற வேண்டும். கம்பத்தில் ஏறும்போது போடுகிற முழங்கை நீள ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு, புடவையை மெதுவாகத் தடவி மடிக்கப் பார்த்தான். ரப்பர் பட்டதும் புடவை படபடவென்று பொரிந்தது. கையுறைக்கு மேலே கையில் இருந்த மயிர் எல்லாம் எழுந்து நின்றது. டெஸ்டர் முன்பைவிட நன்றாக மின்னியது. இன்னும் ஜாக்கிரதையாகத் தடவினான். இன்னும் பலமாகப் பொரிந்தது. ஜாக்கிரதை கூடக் கூடக் கரண்டும் கூடியது. அவன் சர்வீஸில் இப்படி ஒரு லைனைப் பார்த்ததில்லை.

ராயம்மாள் மட்டும் அந்தக் கையுறையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது சாக்கவிட நல்லா வேலை செய்யுது. இதையும் குடு, நா சினிமாவுக்கு எடுத்துக்கினு போறேன்."

"கரண்ட்டு பொடவையக் கட்டிக்கினு கூட்டத்துல போயி குந்துவியா? அத்தினி பேரு உசுரு இன்னா ஆவறது?"

"என் உசுரு போனா பரவால்லியா? எனுக்கு ஒரு படமாவது முழுசா பாக்கணும். ஒண்ணே ஒண்ணு. அது போதும்."

கொட்டாயில் அப்போது ஓடிக்கொண்டிருந்த படம் வேறு அவளை வாட்டிக்கொண்டிருந்தது. தம்பி செய்த கொலையை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொள்கிற கதை. இடைவேளை வரை பார்த்திருந்தாள். அண்ணன் செத்தானா பிழைத்தானா என்று கேட்டால் ரஞ்சிதம் ஒன்று சொன்னாள், கோதண்டராமன் ஒன்று சொன்னார். மண்டியில் பாதிப் பேர் சாகடித்தார்கள், பாதிப் பேர் பிழைக்க வைத்தார்கள். ராயம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது.

செபாஸ்தியான் இளகிவிட்டான். ஆனால் ஒரு நிபந்தனை. "எர்த்து போட்டுத்தான் அனுப்புவேன்."

எர்த் விஷயத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. உப்பு, அடுப்புக்கரி, தண்ணீர் மூன்றையும் அளவாகப் போட்டுக் குழி தயார் செய்தால், இடி விழுந்தால்கூட வழி கேட்டுக்கொண்டு அந்தக் குழியில்தான் இறங்கும் என்பார்கள். மெல்லிய செப்புக் கம்பியைப் புடவைக் கரை முழுக்கத் தன் கையாலேயே தைத்தான். கம்பியின் நுனியில் ஒரு இரும்பு ஆணி. "மணல்ல ஆணிய நல்லா அழுத்தி எறக்கு. செம்புத் தண்ணிய ஆணி மேல ஊத்து, கம்பி மேலயும் தெளி. காயக் காய ஊத்திக்கினே இரு" என்று சொல்லி ஒரு செம்பையும் கொடுத்தனுப்பினான்.

ராயம்மாள் சொன்னபடியே செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஞ்சிதம், "இன்னாக்கா, நாத்து நடப் போறியா?" என்றாள். முந்தானை ஈரத்தில் சொட்டச் சொட்ட, ராயம்மாள் முக்காட்டுக்குள் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தாள். இடைவேளை முடிந்தது. விளக்கு அணைந்தது. இருமல் வந்தது. ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, செம்பைத் தூக்கிக்கொண்டு, கம்பி பின்னால் இழுபட வெளியே வந்தாள். கோதண்டராமன் பெஞ்சிலிருந்து, "அரை டிக்கெட்டு எறங்கிடுச்சி" என்று குரல் கொடுத்தார்.

வெளியே செபாஸ்தியான் ஆவலோடு நின்றிருந்தான். "எர்த்து எப்படி, நல்லா இருந்துச்சா?"

"எர்த்து நல்லா இருந்துச்சு. நாந்தான் நல்லா இல்ல."

கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் இருந்தவர்கள் அத்தனை பேரும் கடலை தின்றிருக்கிறார்கள். ஒரு தோல்கூட ஒட்டவில்லை.

"ஏங்க, பொடவையில இருந்த கரண்ட்டு எங்க போச்சு?"

"பூமிக்குப் போச்சு. அதுக்குத்தான எர்த்து!" என்றான் அவன் பெருமையாக.

"யோவ், பொகையப் புடிக்கிற கரண்ட்ட பூமிக்கு அனுப்பிட்டு, பொகைய மட்டும் எனுக்கு அனுப்புனியே, நீ நல்லா இருப்பியா?"

செபாஸ்தியான் கம்பியை இழுத்துப் பார்த்தான். அவன் போட்ட எர்த்தை யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. இதிலும் குறை ஒன்றும் இல்லை. கச்சிதமாக வேலை செய்திருக்கிறது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே மைக் கட்டிய குதிரை வண்டி தெருத்தெருவாக வந்துவிட்டது. "இன்றே இப்படம் கடைசி! இன்றே இப்படம் கடைசி!" படத்துக்கு மட்டும் கடைசி இல்லை, கொட்டாய்க்கும் அன்றுதான் கடைசி. லாரி வந்து பின்பக்கம் நின்றுவிட்டது. இன்று விட்டால் அடுத்த மாசிதான். அப்போது இந்தப் படமா வரப்போகிறது?

செபாஸ்தியான் உட்கார்ந்து செப்புக் கம்பியைத் தையல் தையலாகப் பிரித்து எடுத்தான். போட்ட எர்த்தை அவன் தன் கையால் கழற்றியது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமை கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொன்னான். சாமியார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வழக்கமான செபத்தையே சொல்லச் சொன்னாராம்.

கையுறைகளில் வலக்கையை மட்டும் அவளிடம் கொடுத்தான். "ஆபீஸ் சாமான். பத்திரம்."

ரோஜா நிற முக்காடு, முழங்கை வரை கறுப்பு ரப்பர் கையுறை. டிக்கெட் கிழிப்பவன் நிமிர்ந்து பார்த்தான். கையில் அடியா என்று கேட்டான். இல்லை என்றாள். மேற்கொண்டு கேட்க அவனுக்குத் தெரியவில்லை.

பெண்கள் பக்கத்தில் அவள் முக்காட்டோடு அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தெருக்காரப் பெண் ஒருத்தி, கதாநாயகனுக்காகத்தான் செபம் பண்ணுகிறாள் என்று நினைத்துத் தானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கோயிலுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் போட்டுக்கொண்ட பிறகு, மற்றப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று அவர்களும் போட்டுக்கொண்டார்கள். முதல் சண்டை வருவதற்குள் பெண்கள் பக்கம் முழுசும் முக்காடு. மண்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஆண்கள் சிலர் காரணம் தெரியாமலே தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கொட்டாயில் படம் ஓட்ட ஒரே மிஷின்தான். ரீல் மாற்ற விளக்கைப் போடும்போதெல்லாம் ராயம்மாள் கையுறையால் முக்காட்டை மேலிருந்து கீழாகத் தடவினாள். புடவை பொரிந்தது. பெஞ்சுப் பக்கமிருந்து கோதண்டராமனின் புகை சுவரைத் தாண்டி வந்தது, கூடவே நாற்காலிக்காரர்களின் உயர்ந்த ரகப் புகையும் வந்தது. ஜாதி வித்தியாசம் பாராமல் எல்லாம் அந்தத் துணியில் வந்து தங்கின. உள்ளே ராயம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

இடைவேளை வந்தது. போனது. வெளியே கடலை வண்டிக்காரர் அவளுக்காகக் கல்லைத் துடைத்து வைத்துக் காத்திருந்து, அவள் வராததைக் கண்டு கவலைப்பட்டார். அவள் இதுவரை கால் வைக்காத தேசத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அண்ணன் ஜெயிலிலிருந்து தப்பினான். ஒவ்வொன்றையும் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

பிறகு இருட்டியது. கதையில் ராத்திரி வந்துவிட்டது போல என்று முதலில் நினைத்தாள். இருட்டு விடியவே இல்லை. அண்ணன் நிழலாக வந்தான், தம்பி நிழலாக வந்தான், இரண்டு நிழலும் கட்டிப் புரண்டன.

"ஏ ரஞ்சி, இன்னாடி இம்மாம் இருட்டா கீது?"

"பட்டப்பகல்ல களத்துமேட்டுல சண்ட நடக்குது, இருட்டுன்றியே? தூங்கிட்டியா?"

அப்போதுதான் விளங்கியது. கொட்டாயின் புகை அத்தனையும் துணியில் பிடித்து, ரோஜா நிறம் பழுத்த புகையிலை நிறமாகிவிட்டது. அதன்மேல் செஞ்சி ஜனம் அன்று தின்ற கடலையின் தோல் முழுக்க வந்து ஒட்டியிருந்தது. கோழி இறகு ஒன்று, பஞ்சு, யாருடைய டிக்கெட்டின் பாதியோ, ஒரு விட்டில் பூச்சி. தட்டிப் பார்த்தாள். அவை போவதாக இல்லை. வேலை ரொம்ப நன்றாக நடந்துவிட்டது. மூச்சு இருக்கிறது, படம் இல்லை.

டுமீல் என்றது. உள்ளே இருந்து கேட்டால் ஒரு குண்டுதான்.

ராயம்மாள் முடிவு செய்தாள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தாள், வாயை இறுக மூடினாள், மூக்கைக் கையுறையால் பிடித்தாள், முக்காட்டைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

திரையில் அண்ணன் விழுந்து கிடந்தான். மார்பில் குண்டு. பேச ஆரம்பித்தான்.

முதலில் தம்பியை மன்னித்தான். எதற்காக மன்னிக்கிறான் என்பதையும் ஆதியிலிருந்து விளக்கினான். அப்புறம் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொன்னான். ராயம்மாளின் கன்னம் உப்பியது. அண்ணன் போலீஸ்காரரிடம் அவர் தொழில் எவ்வளவு புனிதமானது என்று சொன்னான். ராயம்மாளின் காது அடைத்தது. அண்ணன் வீட்டுக் காளை மாட்டை விசாரித்தான். மாட்டைக் கூட்டிவந்தார்கள். மாடும் வர நேரம் எடுத்துக்கொண்டது. செத்துத் தொலையேன் என்று அவள் கண்கள் திரையைக் கெஞ்சின. அவள் யாருக்கும் தீங்கு நினைக்காதவள். ஆனால் அந்த நேரத்தில் அவன் மூச்சு நிற்காவிட்டால் அவள் மூச்சு நின்றுவிடும்.

கண் பிதுங்கப் பக்கவாட்டில் ஒரு பார்வை போனது. ரஞ்சிதம் முந்தானையை இரண்டு கண்ணிலும் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. வரிசை முழுக்க அப்படியே. திரையை ஒருத்தியும் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கோதண்டராமன், கூட்டத்துக்கு முன்னால் சைக்கிளை எடுத்துவிட வேண்டுமென்று குனிந்தபடி வெளியே போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால் பெஞ்சே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் தலை சாய்ந்தது. அப்பாடா என்று ராயம்மாள் மூச்சை விட்டாள். அவன் மறுபடி கண்ணைத் திறந்து, "அம்மா!" என்றான்.

புகை உள்ளே போனது. இருமல் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மணலில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, உடம்பு தூக்கித் தூக்கிப் போட, இமையை மட்டும் மூடாமல் இருமினாள். அம்மா வந்து அவன் தலையை மடியில் வைத்தாள். அவன் செத்தான். இந்தத் தடவை நிஜமாகவே செத்தான். வானத்தில் ஒரு வெள்ளைப் புறா பறந்தது. வணக்கம் என்று எழுத்து வந்தது. அந்த எழுத்து அணைந்து வெறும் துணித்திரை தெரிகிற வரைக்கும் பார்த்தாள். இப்படி அழுகிற மனுஷியைப் பார்த்ததே இல்லை என்று போகிறவர்கள் எல்லாம் அவள் முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் புடவையை அலசினாள். தண்ணீர் கடுங்காப்பியாக இறங்கியது. செபாஸ்தியான் வாளியை எட்டிப் பார்த்தான்.

"இத்தினியும் உன் நெஞ்சுக்குள்ள போவ வேண்டியதா?"

"ஆமா."

அவன் டெஸ்டரை எடுத்து அந்தத் தண்ணீரில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. இருந்தாலும் தள்ளி நின்றே வாளியைச் சாய்த்தான்.

ராயம்மாள் மண்டிக்குப் போகும்போது கொட்டாய் இருந்த இடத்தில் குழிகளும் கடலைத் தோலும்தான் இருந்தன. லாரி போய்விட்டது. அவள் சாக்கை உதறிப் போட்டு உட்கார்ந்தாள். சொத்தைப் பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ரஞ்சிதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இன்னாக்கா, பாத்தியா கடைசி?"

"பாத்தேன்."

"செத்துட்டான் இல்ல?"

"எப்ப?"

"எப்பன்னா? சுட்டதுக்கப்புறம். 'அம்மா'ன்னு கத்துனானே."

"கத்துனான். அப்புறம் நடந்தது?"

ரஞ்சிதத்தின் கை கடலையில் நின்றது. "அப்புறம் இன்னா நடந்துச்சி?"

"நீதான பக்கத்துல குந்தி இருந்த. நீயே சொல்லு."

ரஞ்சிதம் கோதண்டராமனைப் பார்த்தாள். கோதண்டராமன் தராசு முள்ளைப் பார்த்தார். அப்புறம் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, தராசைச் சங்கிலியோடு இறக்கி வைத்துவிட்டு, மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லு ராயம்மா. நா கொஞ்சம் முன்னாடியே எழுந்துட்டேன். சைக்கிளு..."

மற்றவர்களும் சாக்குகளை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். ராயம்மாள் ஒரு பருப்பை எடுத்துத் தோலை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மென்று முடிக்கிற வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"அம்மான்னு கத்துனானா?" என்று ரஞ்சிதம் கதை சொல்கிற ராகத்திலேயே ஆரம்பித்தாள். "அப்பதான் அந்தக் காள மாடு கட்ட அறுத்துக்கினு வந்துச்சி..."

"மாடா!" என்றாள் ரஞ்சிதம்.

"பின்ன? நீ எங்க பாத்துக்கினு இருந்த?"

ரஞ்சிதம் வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.